கொல்லிமலைக் குடில்: பிராண்ட் ஐயர் சரிதம்

செங்கற்பட்டுச் சீமையின் தென்கோடியில் கடப்பாக்கம் என்னும் கடலோர ஊர் உளது. அதனை அடுத்து நிற்பது ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பெற்ற அக்கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். எஞ்சிய மதில்களையும் கடல் அரித்து வருகின்றது. மேனாட்டார் நம் நாட்டிற் கட்டியவற்றுள் நிலைத்து நிற்பது யாது என்ற எண்ணம் அம்மதிலடியில் நிற்பார்க்குத் தோன்றாதிராது. நமக்கும் தோன்றிற்று. அப்போது நம் நினைவுக்கு வந்தது கோட்டையன்று. கொல்லிமலை மீது ஒரு மிஷனெரி தம் கையாற் கட்டிய சிறு மரவீடேயாம். அவ்வீட்டிற் கற்பிக்கப்பட்ட பாடம் பின்னாளில் இச்செங்கற்பட்டுச் சீமையிலேயே பயன்பட்டதாதலின், அக்குடும்பத்தின் வரலாற்றை நம் கல்லூரி அன்பர்க்குச் சுருங்கச் சொல்லப் புகுந்தோம்.

ஜெஸ்ஸி பிராண்ட் ஐயர் இங்கிலாந்து தேசத்தவர். கட்டடத் தொழில் அறிந்தவர். ஓராண்டளவு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். 1907-ஆம் ஆண்டு ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் தமிழ்நாட்டுக்கு வந்து, கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தில் தங்கி ஊழியம் செய்தார். வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் புலவர் புகழ்ந்த அம்மலை அக்காலத்தில் காய்ச்சலுக்கே பெயர் போனது. கீழ்நாட்டார் அங்கே இராத் தங்கவும் அஞ்சுவர். ஆயினும், மருத்துவமும் பள்ளியும் இன்றி வாழ்ந்த மலையாளிக் குடிகளிடையே சென்று குடியேற வேண்டுமென்பதே ஐயரின் தீராத வேட்கையாயிருந்தது.

அவ்வேட்கைக்குத் துணையாக வாய்த்தவர் எவ்லின் அம்மையார். லண்டன் மாநகரில் 1879-ஆம் ஆண்டு செல்வக் குடியிற் பிறந்து, ஓவியக் கலை பயின்றவர். இருவர்க்கும் 1913-இல் திருமணம் நிகழ்ந்தது. மணமானதும் தம்பதிகள் மலையேறினர். அன்று வண்டிப் பாதை இல்லை. ஒற்றையடிப் பாதையே உண்டு. வீட்டுக்கு வேண்டிய பலகைகளையும் விட்டங்களையும் சமவெளியிலேயே அறுத்துச் செதுக்கி, ஆட்களின் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய், அங்கே பொருத்தி எழுப்பினார் ஐயர். கறையான் ஏறாதபடி தூண்களின் தலையில் தகடுகளைக் கவிழ்த்து, அவற்றின் மீது வீட்டை அமைத்தார். குடியேறிய சில நாட்களுக்குள் இருவரும் மலைக்காய்ச்சலிற் படுத்தனர். எழுந்த பின்னரும் மலையை விட்டு இறங்கினாரல்லர்.

வீடு அமைந்தபின் நிலத்தைத் திருத்தலாயினர். ஆரஞ்சு முதலிய பயன்மரங்களை வைத்தனர். மலைமக்கள் பிறர் கையை எதிர்பாராது வாழ வேண்டுமென்று கருதிய ஐயர், வேளாண்மையும் தச்சு வேலையும் பிற கைத்தொழில்களும் கற்பித்தார். நோயாளிகள் நாடோறும் வாயிலில் வந்து நிற்பர். பல் பிடுங்குவதும் புண் கட்டுவதும், நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியிற் சுற்றிச் சிறுகச் சிறுக வெளியே இழுப்பதும் அவருடைய காலை வேலைகள்.

இவ்வளவு செய்தும் ஆண்டுகள் பல சென்றன. அவருடைய சமயத்தைத் தழுவுவார் ஒருவரும் இலர். அவ்விடத்துப் பூசாரி ஒருவர் அவரைக் கடுமையாக எதிர்த்து நின்றதும் அதற்கொரு காரணம். 1918-19-இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. நோயுற்றோரை உறவினரும் கைவிட்டு ஓடிய நாள் அது. ஐயரும் அம்மையாரும் பெரிய பாத்திரங்களிற் கஞ்சி காய்ச்சி, குடிசை தோறும் எடுத்துச் சென்று ஊட்டினர். அந்நோய் பூசாரியையும் பற்றியது. தம்மைப் பார்க்க வந்தவர் யாவர் என்பதை அவர் படுக்கையிற் கிடந்தபடியே கண்டார்; இறக்குமுன் தம் மக்களைப் பிராண்ட் குடும்பத்தாரிடமே ஒப்புவித்தார். அவருடைய கைக்குழந்தை ரூத் என்னும் பெயரோடு அவ்வீட்டில் வளர்ந்தது. அன்று முதல் மலைமக்களின் மனக்கதவும் திறந்தது.

1914-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் பிறந்த ஆண்மகவுக்குப் பால் என்றும், பின்னர்ப் பிறந்த பெண்மகவுக்குக் கானி என்றும் பெயரிட்டனர். ஆங்கிலப் பிள்ளைகள் பயிலத்தக்க பள்ளிக்கூடம் மலையில் ஏது? அம்மையாரே ஆசிரியை, வீடே பள்ளி. சிறுவன் பால் ஓரிடத்தில் அமர்ந்திரான். மரம் ஏறுவதிலேயே அவனுக்கு விருப்பம். அம்மையார் அவனை இறக்கி அடக்க முயலவில்லை. மரக்கிளையில் இருந்தே கணக்கைப் போட விட்டு, முடித்ததைத் திருத்திக் கொடுத்தார். தந்தையார் மாலையில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, கறையான் புற்றையும் எறும்புச் சாரையையும் பறவைக் கூட்டையும் காட்டுவார். அவை கட்டப்பட்ட முறையைக் கட்டடக்காரர் கண்கொண்டு விளக்குவார்.

அப்பள்ளிக்கு வேறோர் ஆசிரியரும் இருந்தார். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்களின் நீரைக் காக்கும் முதியவர் அவர். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றே அழைப்பர். ஒரு நாள் பாலும் அவன் தோழரும் வயலில் தவளை பிடித்து விளையாடுகையில் வரப்பை மிதித்துச் சேற்றைக் கலக்கினர். கலங்கிய நீர் கீழ்வயலுக்கு வழிந்தது. தாத்தா வந்து ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டி, வழிந்தோடும் மண் மீண்டும் மலையேறி வாராது என்பதையும், அம்மண்ணோடு பிறக்கவிருக்கும் பிள்ளைகளின் சோறும் போய்விடும் என்பதையும் உணர்த்தினார். எழுபதாண்டு எய்திய பின்னும் பால் பிராண்ட் இதனை மறவாது எழுதிவைத்தார்.

மற்றொரு பாடம் வாய்ச்சொல் இன்றியே நிகழ்ந்தது. ஒரு நாள் குட்டநோயாளர் மூவர் வாயிலுக்கு வந்தனர். யார்க்கும் வெறுங்கையால் மருந்திடும் தந்தையார் அன்று கையுறை அணிந்து புண்களைக் கட்டினார். பிள்ளைகள் விலகியிருக்கப் பணிக்கப்பட்டனர். வந்தவர் போனபின், அவர் இருந்த இடத்தை அணுகலாகாதெனத் தாயார் தடுத்தார். அந்நோய் எளிதிற் பற்றுவதன்று என்பதும், மருந்தினால் முற்றும் தீர்வது என்பதும் இன்று நாம் அறிந்தவை. அந்நாளில் அன்பு மிக்க அவ்வில்லத்திலும் அச்சம் புகுந்திருந்தது. அதனை மறைத்துச் சொல்லுதல் சரிதத்துக்கு அழகன்று.

1923-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்ற பெற்றோர், கல்வியின் பொருட்டுப் பிள்ளைகளை உறவினரிடம் விட்டுத் தாம் மட்டும் மலைக்குத் திரும்பினர். பாலுக்கு அப்போது வயது ஒன்பது. தந்தையும் மகனும் அதன்பின் இவ்வுலகில் சந்தித்திலர். மலையில் கண்ட செடிகளையும் உயிர்களையும் விவரித்துத் தந்தையார் தவறாது கடிதம் எழுதுவார். 1929 ஜூன் திங்களில், கருநீர்க் காய்ச்சல் என்னும் கொடிய மலேரியாவினால் அவர் காலமானார். வயது 44. தந்தி அன்றே கடல் கடந்தது. கப்பல் அஞ்சலோ வாரக்கணக்கில் வருவது. ஆகையால், தந்தை இறந்த செய்தி அறிந்த பின்னரும் அவர் கைப்பட்ட கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மகனுக்கு வந்துகொண்டிருந்தன. வீட்டிற் பயின்ற கல்வி இல்லம் கடந்து நீள்வதற்கு இதனினும் உருக்கமான சான்று யாம் கண்டதில்லை.

இங்கிலாந்துப் பள்ளியில் பால் சிறந்த மாணாக்கராக விளங்கவில்லை. பதினாறாம் வயதில் படிப்பை விட்டு, தந்தையைப் போலக் கட்டடத் தொழில் கற்றார். பின்னரே மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டை அடுத்த திருமணியில், டாக்டர் காக்ரேனின் பொறுப்பிலிருந்த லேடி வில்லிங்டன் குட்டநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டார். விரல்கள் மடங்கி முடங்கிய ஓர் இளைஞனைக் கண்டு, தம் கையைப் பற்றி இறுக்குமாறு கேட்டார். வலி பொறுக்கலாகாத அளவுக்கு அவன் பிடி வலிதாயிருந்தது. செத்ததென்று கைவிடப்பட்ட கையில் உயிருள்ள தசை உண்டென்பது அக்கணத்திற் புலனாயிற்று. நன்றாயுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலுக்கு இணைத்துத் தைக்கும் சிகிச்சையை அதன்பின் அவர் வளர்த்தார். நோயாளரின் விரல்கள் தேய்வதற்குக் காரணம் வலி உணர்வு அற்றுப் போதலே என்பதையும் நிறுவினார். தந்தை கையுறையிட்டுத் தொட்ட நோயை மகன் வெறுங்கையாற் பற்றினார். தச்சனின் கண்ணும் மருத்துவனின் கையும் கூடிய அத்திறம், கொல்லிமலை வீட்டில் தொடங்கியது என்றால் மிகையாகாது.

எவ்லின் அம்மையாரோ கணவரை இழந்தபின்னும் தம் பணியை விட்டிலர். முதுமை கருதி மிஷன் ஓய்வளித்த பின்னர், தாமாகவே மலைக்குத் திரும்பிக் குடிசையில் வாழ்ந்து, மலை மலையாகச் சென்று ஊழியம் செய்தார். கால் தளர்ந்தபோது மூங்கிற் கோல் இரண்டை ஊன்றி நடந்தார். குதிரை மீதும் சென்றார். கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச் செய்து, கணவர் குச்சியிற் சுற்றி இழுத்த அந்நரம்புச் சிலந்தி நோய் மலையிற் குறையக் காரணமாயினார். தொண்ணூற்றைந்து வயது வாழ்ந்து 1974-இல் இயற்கை எய்தினார். கணவரின் கல்லறை அருகே அம்மலையிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.

கல்லூரியில் பயிலும் நாம், வீட்டுக் கல்வியே உயர்ந்தது என்று கொள்ள வேண்டுவதில்லை. பிராண்ட் ஐயரும் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் பொருட்டே பிரிவுத் துயரை ஏற்றார். ஆயின், நம் ஒவ்வொருவர்க்கும் கல்லூரிக்கு முன்னே ஒரு வரப்பும் ஒரு தாத்தாவும் இருந்திருப்பர். அவர்கள் கையில் அள்ளிக் காட்டிய மண்ணை நாம் எங்கே விட்டோம் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.