முதல் வருஷம் தவறிய ராமானுஜன்

நம் கல்லூரியில் படித்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். கும்பகோணம் கல்லூரிக்குப் பெயர்களுக்கா பஞ்சம்? 1854-இல் தொடங்கியது, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கியது. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இங்கேதான் தமிழ் சொல்லிக் கொடுத்தார். வெள்ளிநாக்கு சீனிவாச சாஸ்திரியார் இங்கே படித்தவர். ஆனாலும் நான் எடுத்துக்கொண்டது கணிதமேதை ராமானுஜனை. அவருடைய முழு வாழ்க்கையையும் அல்ல. இங்கே அவர் படித்த முதல் வருஷத்தையும், அது அவரை எத்தனை காலம் துரத்தியது என்பதையும்தான்.

காரணம் இருக்கிறது. முதல் வருஷத்தில் ரெண்டு பேப்பர் போயிடுச்சுன்னா நம்ம பசங்க சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்று உண்டு: ராமானுஜனே ஃபெயில், நாம எம்மாத்திரம் என்பது. நாங்களும் சொன்னோம், இப்போதும் சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தத் தோல்விக்கு அவர் கொடுத்த விலை என்ன என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது நம்ம ஊர் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் புடவைக் கடையில் கணக்கர். மாதச் சம்பளம் இருபது ரூபாய் அளவில். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வீட்டில் சில மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுத்தான் குடும்பம் ஓடியது.

டவுன் ஹைஸ்கூலில் அவர் ராஜா. கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பள்ளியை முடிக்கும் முன்பே கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வரிசையாக அடுக்கியிருக்கும். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கான புத்தகம் அது. இவரோ ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடிப்பது போலப் போட்டுப் பார்த்தார். அன்றோடு மற்றப் பாடங்கள் எல்லாம் மனசை விட்டுப் போய்விட்டன.

1904-இல் நம் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணுக்காகச் சுப்ரமணியம் உபகாரச் சம்பளம் கிடைத்தது. இல்லையென்றால் கல்லூரிப் படிப்பு அந்த வீட்டுக்கு எட்டாக்கனி. ஒரு டெர்முக்குக் கட்டணம் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம்!

இன்றைய முதல் வருஷ மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எப்.ஏ. என்றால் கணக்கு மட்டும் இல்லை. ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு எல்லாவற்றிலும் தேற வேண்டும். ராமானுஜன் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். ஆசிரியர் ரோமாபுரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் தன் சூத்திரங்களோடு வேறு எங்கோ இருப்பார். வருஷக் கடைசியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று.

கோமளத்தம்மாள் நேரே கல்லூரி முதல்வரிடம் போய், கணக்கில் இப்படி ஒரு பிள்ளை உண்டா என்று வாதாடினார். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விதி விதிதான் என்று சொல்லிவிட்டார். நான் அந்த முதல்வரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் நாற்காலியில் நானோ நீங்களோ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். எதிரே நிற்பது யாரென்று அன்று யாருக்குத் தெரியும்?

கொஞ்ச நாள் சமாளித்தார். 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பிள்ளையைக் காணோம் என்று செப்டம்பரில் இந்து பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பதினேழு வயசுப் பையன். அவமானம்தான் துரத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பத்து வயதில் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாக வந்த பிள்ளை இல்லையா?

திரும்பி வந்தபின் 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அதே கதை. நடுவில் உடம்பு வேறு கெட்டது. 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எப்.ஏ. எழுதினார். கணக்கில் தேறினார், மற்றவற்றில் தவறினார். அதோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது. பட்டம் இல்லை. பட்டம் இல்லாதவனுக்கு வேலை இல்லை.

பிறகு வந்த வருஷங்களை நினைத்தால் மனசு கனக்கிறது. டியூஷன் தேடி அலைந்தார். நண்பர்கள் தயவில் சாப்பிட்டார். 1909-இல் ஜானகியோடு கல்யாணம் ஆனது. காகிதம் வாங்கக் காசில்லாமல் பலகையில் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழிகாட்ட ஆள் இல்லாததால், ஐரோப்பாவில் எப்போதோ கண்டுபிடித்துவிட்ட விஷயங்களையே தனியாக மறுபடியும் கண்டுபிடிப்பதில் எத்தனையோ நாள் போயிற்று. பின்னாளில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியும், ராமானுஜன் இளம் வயதில் இறந்ததை விட, வழிகாட்டல் இல்லாமல் வீணான அந்த ஐந்து வருஷங்களே உண்மையான சோகம் என்ற கருத்தை எழுதினார். ஃபெயில் ஆனதால் அவர் மேதை ஆகவில்லை. ஃபெயில் ஆனதையும் தாங்கிக்கொண்டு மேதையாக இருந்தார். ரெண்டும் வேறு வேறு.

அப்படியானால் அவரைத் தூக்கிவிட்டது எது? மனுஷர்கள்தான். 1910-இல் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர் இருந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவர் கைகாட்டியது சென்னையில் இருந்த பி.வி. சேஷு ஐயரை. இந்தச் சேஷு ஐயர் யார்? நம் கல்லூரியில் ராமானுஜனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆசிரியர்! பழைய மாணவனை அவர் மறக்கவில்லை. அவர் மூலமாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அறிமுகமானார். ராவ் கைப்பணமாக மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1911-இல் முதல் கட்டுரை அச்சேறியது. 1912 மார்ச் 1-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16-இல் ஹார்டிக்குப் போட்ட கடிதத்துக்கும் சேஷு ஐயரின் தூண்டுதல் உண்டு.

பிறகு நடந்ததுதான் விசேஷம். எந்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வில் அவர் தேறவில்லையோ, அதே பல்கலைக்கழகம் 1913-இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. முதுகலைப் பட்டம் இருந்தால்தான் கொடுக்கலாம் என்று விதி. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று சட்டத்திலேயே இருப்பதை ஒருவர் எடுத்துக்காட்ட, வழி பிறந்தது. மனசு இருந்தால் விதியிலும் இடம் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது. தெரிவதற்கு எட்டு வருஷம் ஆகிவிட்டது!

மீதி உங்களுக்கே தெரியும். 1914-இல் கப்பலேறினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம், 1918-இல் எப்.ஆர்.எஸ். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ. உடம்பு கெட்டு 1919-இல் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னை சேத்துப்பட்டில் காலமானபோது வயது 32. கடைசி மாதங்களில் அவர் எழுதிய தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜில் அகப்பட்டன. கணித உலகம் இன்னும் அவற்றைப் படித்து முடித்தபாடில்லை. 2012 முதல் அவர் பிறந்தநாள் தேசியக் கணித தினம்.

முப்பத்திரண்டு வயதில் எட்டு வருஷம் என்பது கால்வாசி வாழ்க்கை. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ரெண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

முதல் வருஷத் தம்பி தங்கைகளே, ஒரு பேப்பர் போனால் ராமானுஜன் பெயரைச் சொல்லிச் சமாதானம் ஆகாதீர்கள், ஓடியும் போகாதீர்கள். அவருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது: தவறிய பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். பிடிக்காத பாடமானாலும் எழுதித் தள்ளிவிடுங்கள். முடியவில்லையா, வாத்தியாரிடம் போய்ச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பழைய மாணவ நண்பர்களே, ரேங்க் வாங்கிய பிள்ளைக்குப் பரிசு கொடுக்க ஊரே வரும். முதல் வருஷத்தில் தவறி, வகுப்புக்கு வராமல் நின்றுபோன பிள்ளையைத் தேடிப் போக யார் இருக்கிறார்கள்? துறைக்கு ஒரு ஆசிரியரிடம் கேட்டால் பெயர் தந்துவிடுவார். ஒரு டெர்ம் கட்டணம், ஒரு டியூஷன், ஒரு நல்ல வார்த்தை போதும். 1905-இல் அந்த 32 ரூபாயை யாராவது கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வருஷம் நாம் கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம் அல்லவா?