ஏட்டுச்சுவடிகளுக்காக வழக்காடிய தாமோதரம் பிள்ளையவர்கள்

ஈழநாட்டு யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சிறுப்பிட்டி என்னும் ஊரிலே, 1832 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12 ஆம் நாள், வைரவநாத பிள்ளையவர்கட்கு மைந்தராய்த் தோன்றியவர் இராவ்பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள். இளமையிற் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டு, வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் நடாத்திய கல்விக்கழகத்தில் ஆங்கிலமும் பிற கலைகளும் ஓதினார். கிறித்தவச் சூழலிடையே பயின்றவராயினும் பின்னர்ச் சிவநெறியையே உறுதியாகப் பற்றிச் 'சைவ மகத்துவம்' என்னும் நூலையும் இயற்றினார். யாழ்ப்பாணத்தில் அந்நாளிற் சைவம் தழைத்தெழுந்த வரலாற்றை அறிந்தார்க்கு இது வியப்பன்று.

அவர் முதலில் மேற்கொண்டது ஆசிரியத்தொழில். கோப்பாய்ப் பாடசாலையிற் கற்பித்தார். பின்பு பெர்சிவல் பாதிரியார் அழைப்பிற்கிணங்கிச் சென்னை போந்து 'தினவர்த்தமானி' என்னும் இதழை நடாத்தினார். மாநிலக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முறையாக நடாத்திய பி. ஏ. தேர்விற்குத் தம் ஆசிரியராகிய விசுவநாத பிள்ளையவர்களோடு உடனமர்ந்து எழுதி, ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே தேறினர். அதன்பின் கள்ளிக்கோட்டையிலும் சிலகாலம் ஆசிரியராயிருந்தார்.

இத்தகையவர் கற்பித்தலை விடுத்து அரசாங்கக் கணக்கு அலுவலில் அமர்ந்தார். அவ்வலுவலினூடே சட்டமும் பயின்று, முப்பத்தொன்பதாம் அகவையில், 1871 ஆம் ஆண்டு, பி. எல். பட்டமும் பெற்றார். நாளடைவில் அலுவலினின்று நீங்கிக் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் அமர்ந்தார். தமிழாசிரியர் ஒருவர் வழக்குமன்றம் புகுந்தமை தமிழுக்கு இழப்பாமோ என ஐயுறுவார் உளராகலாம். அவர் வாழ்வை முழுதும் நோக்குவார்க்கு அவ்வையம் நில்லாது.

அக்காலத்துத் தொன்னூல்களின் நிலை இரங்கத்தக்கது. ஏட்டுச்சுவடிகள் வீட்டுப் பரண்களிலே செல்லுக்கு இரையாயின. பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதுவார் அருகினர். தொல்காப்பியம் முழுமையும் கற்பிக்க வல்லார் சிலரே எஞ்சினர்; அதன் பொருளதிகாரத்தைக் கண்ணாற் கண்டவரும் மிகச் சிலர். இந்நிலையில் ஓராசிரியர் தம் பள்ளி மாணவர் சிலர்க்கு எத்துணைத்தான் கற்பிப்பினும், கற்பித்தற்குரிய நூலே அழியுமாயின் பயன் யாது? நூல்களின் பொருட்டு ஊரார் முன் நின்று வாதாடுவார் ஒருவர் வேண்டியிருந்தது; அங்ஙனம் வாதாடுவார்க்குப் பொருளும் வேண்டும், செல்வாக்கும் வேண்டும். ஏடு தேடுதற்கும், பெயர்த்தெழுதுவார்க்கும், அச்சுக்கூலிக்கும் ஆகும் செலவு தமிழாசிரியர் ஊதியத்தில் அடங்குவதன்று. வழக்கறிஞர் தொழில் இவற்றிற்கு வழிசெய்தது.

கும்பகோணத்தில் அமர்ந்ததும் நலமாயிற்று. திருவாவடுதுறை அணித்து, ஆதீனத்து ஏடுகளும், அவற்றை ஓதியுணர்ந்த புலவர் பெருமக்களும் அண்மையிலே. ஆதீனங்கள் பேணி வைத்திராவிடின் பதிப்பாசிரியர் கைக்கு எட்டுவதற்கு ஏடுதான் ஏது?

ஆறுமுக நாவலரவர்கள் பரிசோதித்துதவத் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை அவர் 1868 இலேயே வெளியிட்டிருந்தார். 1879 இல் நாவலரவர்கள் சிவபதமடைந்த பின்னர், அச்சுமையைத் தாமே தாங்கினார். வீரசோழியம் 1881 இலும், இறையனார் அகப்பொருளும் தணிகைப்புராணமும் 1883 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885 இலும், கலித்தொகை 1887 இலும் வெளிவந்தன. வீரசோழியம் பௌத்தர் நூல். பின்னர் வெளியிட்ட சூளாமணி சமணர் நூல். சைவ மகத்துவம் எழுதிய கை இவற்றையும் காத்தது ஏன் எனின், அழிவின் முன் நிற்கும் நூலுக்குச் சமயம் வினவுதல் தகாதென்பது அவர் கருத்துப் போலும்.

நீதிமன்றப் பயிற்சி அவர் பதிப்புக்களிலும் புலனாகும். ஒரு படியை மட்டும் நம்பாது, கிடைத்த படிகளையெல்லாம் ஒருங்கு வைத்து, சான்றுரைப்பாரை ஆராய்வது போல் ஒன்றை மற்றொன்றால் ஆராய்ந்தார். பதிப்புரைகளோ மறுப்பாரை எதிர்நிறுத்தி விடையிறுக்கும் வாதவுரைகளாகவே அமைந்தன. ஆயினும் வழுவிலார் யார்? பொருளதிகாரவுரை முழுவதையும் நச்சினார்க்கினியருடையதாகவே வெளியிட்டார்; பிற்பகுதியில் அமைந்தது பேராசிரியருரை என்பதைப் பின்வந்த அறிஞர் தெளிந்தனர். அவர் அச்சிட்டிராவிடின் அவ்வாராய்ச்சிக்கும் இடமிராது.

கும்பகோணம் கல்லூரியிலே அந்நாளில் தமிழாசிரியராயிருந்தவர் உ. வே. சாமிநாதையரவர்கள். சீவகசிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விழைந்து பிள்ளையவர்கள் கேட்டபொழுது, முன்னரே அதில் உழைத்துவந்த ஐயரவர்கள் அதனை விட்டுக்கொடுக்க இசைந்திலர். 1887 இல் தாமே வெளியிட்டார். வழக்காடிப் பழகியவர்க்கு இது தோல்வியே எனினும், தமிழ்த்தாய்க்கு அவ்வாண்டிற் சிந்தாமணியும் கலித்தொகையும் ஆகிய இரண்டணிகள் கிடைத்தன.

அவ்வாண்டிலேயே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாய் அமர்ந்து, 1890 வரை அப்பணியாற்றினார். வழக்குரைகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் பணியினிடையே இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889 இல் அச்சேறின. தொல்காப்பிய எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியருரையோடு 1891, 1892 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. தாம் கைவிட்ட ஆசிரியத்தொழிலையும் அவர் மறந்திலர். ஈழத்து ஏழாலையிலே தமிழ்ப் பாடசாலை ஒன்றை நிறுவி, சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் போன்றாரை ஆசிரியராக்கினார்.

1895 இல் அரசாங்கத்தார் இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர். 1901 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் சென்னையிலே சிவபதமெய்தினார். அவர் பிரிவிற்கு இரங்கிச் செய்யுள் பாடிய புலவருள் சாமிநாதையரவர்களும் ஒருவர்.