தலிமெரன் ஆவோ

தலிமெரன் ஆவோ (ஜனவரி 28, 1918 - செப்டெம்பர் 13, 1998) இந்தியக் காற்பந்தாட்ட வீரரும் மருத்துவரும் ஆவார். நாகா மலைகளில் பிறந்த இவர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் காற்பந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கினார். 1948 இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியத் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவரும் இவரே. தந்தையின் இறுதி விருப்பத்தை நிறைவேற்றும் பொருட்டு, புகழின் உச்சியில் இருந்தபோதே மருத்துவப் பணிக்குத் திரும்பியவர் என்ற வகையில் இந்திய விளையாட்டு வரலாற்றில் தனியிடம் பெறுகிறார். டி. ஆவோ என்ற பெயராலும் அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

தலிமெரன் ஆவோ இன்றைய நாகாலாந்து மாநிலத்தின் மொகோக்சுங் மாவட்டத்தில் உள்ள சாங்கி என்னும் ஊரில் பிறந்தார். அப்போது இப்பகுதி அசாம் மாகாணத்தின் நாகா மலை மாவட்டமாக இருந்தது. இவர் ஆவோ நாகா இனத்தைச் சேர்ந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காமவர். தந்தை சுபோங்வாட்டி கிறித்தவப் போதகராகப் பணியாற்றினார். பின்னர் குடும்பம் அமெரிக்கப் பாப்டிஸ்ட் சபையின் மையமான இம்பூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த சிறிய திடலில் கந்தல் துணிகளைச் சுருட்டிக் கட்டிய பந்தைக் கொண்டு சிறுவர்களுடன் விளையாடியே ஆவோ காற்பந்தாட்டம் பழகினார்.

பள்ளிக் கல்வியைத் தொடர அசாமின் ஜோர்ஹாட் சென்றார். 1935 இல் தந்தை டைபாய்டு காய்ச்சலால் இறந்தார். மகன் மருத்துவம் படித்துத் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பதே அவருடைய இறுதி விருப்பமாக இருந்தது. அப்போது ஆவோவுக்கு வயது பதினேழு. பின்னாளில் அவர் எடுத்த முக்கிய முடிவுகளுக்கெல்லாம் இவ்விருப்பமே அடிப்படையாயிற்று.

கல்லூரியும் கல்கத்தாவும்

கௌகாத்தியில் உள்ள காட்டன் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஆவோவின் ஆட்டத்திறன் வெளிப்பட்டது. நண்பர் சரத் தாஸ் வழியாக அந்நகரின் புகழ் பெற்ற மகாராணா விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்தார். 1942 இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இக்கல்லூரி இன்று ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி என அழைக்கப்படுகிறது.

கல்கத்தா அக்காலத்தில் இந்தியக் காற்பந்தாட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1943 இல் ஆவோ மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். இக்கழகம் 1911 இல் ஈஸ்ட் யார்க்சயர் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய பெருமை உடையது. ஆவோ நடுக்களத்தில் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடினார். பின்னர் கழகத்தின் தலைவராகவும் இரு ஆண்டுகள் இருந்தார். மருத்துவப் படிப்பும் கழக ஆட்டமும் ஒருங்கே நடைபெற்றன.

1948 இலண்டன் ஒலிம்பிக்

1947 இல் இந்தியா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. இந்தியா ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் முதன்முதலாகக் கலந்துகொண்டது. பலாய்தாஸ் சட்டர்ஜி பயிற்றுவித்த இவ்வணிக்கு ஆவோ தலைவரானார். ஜூலை 29 அன்று வெம்பிளி அரங்கில் நடந்த தொடக்க விழாவில் இந்திய அணிவகுப்புக்கு முன்னே கொடி ஏந்திச் சென்றார்.

பர்மா விலகியதால் இந்தியாவின் முதல் ஆட்டம் பிரான்சுடன் அமைந்தது. ஜூலை 31 அன்று இல்போர்டில் உள்ள கிரிக்கில்பீல்டு திடலில் நடந்த இவ்வாட்டத்தில் இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். ரெனே கூர்பென் பிரான்சின் முதல் கோலை அடித்தார். 70 ஆவது நிமிடத்தில் தென்னிந்திய வீரர் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். இதுவே ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் இந்தியாவின் முதல் கோலாகும். சைலன் மன்னாவும் மகாவீர் பிரசாத்தும் ஆளுக்கொரு தண்ட உதை வாய்ப்பைத் தவறவிட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் ரெனே பெர்சியோன் அடித்த கோலால் பிரான்சு 2-1 என்ற கணக்கில் வென்றது. தோற்றபோதும் இந்திய அணி பார்வையாளர்களின் பாராட்டைப் பெற்றது.

வெறுங்காலுடன் ஆடுவது ஏன் என்று செய்தியாளர்கள் வினவியபோது, இந்தியர் ஆடுவது காற்பந்து, ஐரோப்பியர் ஆடுவது காலணிப்பந்து என்ற பொருள்பட ஆவோ நகைச்சுவையாக விடையளித்ததாகப் பரவலாகக் கூறப்படுகிறது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்ற பின்னரே இந்திய வீரர்களுக்குக் காலணி கட்டாயமாக்கப்பட்டது.

இலண்டன் ஆட்டத்துக்குப் பின் இந்திய அணி ஐரோப்பாவில் நட்பு ஆட்டங்களில் கலந்துகொண்டது. நெதர்லாந்தின் அயாக்சு கழகத்தை 5-1 என்ற கணக்கில் வென்றது. இங்கிலாந்தின் ஆர்சனல் கழகம் ஆவோவை ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள முன்வந்ததாகவும், மருத்துவப் படிப்பை முடிக்க வேண்டி அவர் அதனை ஏற்கவில்லை என்றும் கூறப்படுகிறது.

மருத்துவப் பணி

1950 இல் ஆவோ மருத்துவப் பட்டம் பெற்றார். அதற்கு மறு ஆண்டு, புது தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணி ஈரானை 1-0 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அந்த அணியில் ஆவோ இல்லை. அவர் அசாமின் திப்ருகரில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார்.

1953 இல் கோகிமா அரசு மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். கோகிமா 1944 இல் ஜப்பானியப் படைகளுக்கும் பிரித்தானிய இந்தியப் படைகளுக்கும் இடையே கடும் போர் நிகழ்ந்த மலை நகராகும். போரின் வடுக்கள் ஆறுவதற்குள் நாகா மலைகளில் அரசியல் கிளர்ச்சி மூண்டது. 1956 இல் அங்கு இராணுவம் இறக்கப்பட்டது. இச்சூழலிலும் ஆவோ அரசு மருத்துவப் பணியை விட்டு விலகவில்லை. மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த அப்பகுதியில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரின் இருப்பே பெரிதாகக் கருதப்பட்டது.

1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலமானது. ஆவோ தலைமை அரசு மருத்துவராகவும், பின்னர் மாநிலச் சுகாதார சேவைகளின் இயக்குனராகவும் உயர்ந்தார். 1978 இல் ஓய்வு பெற்றார். இவருக்கு நான்கு பிள்ளைகள்.

மறைவும் நினைவும்

தலிமெரன் ஆவோ 1998 செப்டெம்பர் 13 அன்று தமது 80 ஆவது வயதில் காலமானார். வாழ்நாளில் இவருக்குத் தேசிய அளவில் கிடைத்த அங்கீகாரம் குறைவே. மறைவுக்குப் பின்னர் 2002 இல் மோகன் பகான் கழகம் தனது உயரிய விருதான மோகன் பகான் ரத்னாவை இவருக்கு அளித்தது. 2009 இல் வடகிழக்கு மாநிலங்களுக்கிடையிலான காற்பந்தாட்டப் போட்டிக்கு டாக்டர் டி. ஆவோ கோப்பை எனப் பெயரிடப்பட்டது. அசாமின் கலியாபோரில் உள்ள விளையாட்டரங்கும், காட்டன் கல்லூரியின் உள்ளரங்கும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன. நூற்றாண்டு நிறைவையொட்டி 2018 இல் இந்திய அஞ்சல்துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.