எளியோரின் தோழர் தீனபந்து ஆண்ட்ரூஸ்

கடல் கடந்து வந்து நம் நாட்டாருக்குத் தொண்டு புரிந்த சமயத் தொண்டர்கள் பலர். பள்ளி நிறுவியோரும் மருத்துவமனை கண்டோரும் நம் நன்றிக்கு உரியவர்களே. எனினும் அவர்களுள் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ் என்னும் பெருமகனாரின் வாழ்வு தனிச்சிறப்பு உடையது. அவர் மேலே நின்று கொடுத்தவர் அல்லர். இறங்கி வந்து அருகில் அமர்ந்தவர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நம் இளைஞர்கள் உணர்தல் வேண்டும் என்பதே எம் அவா.

ஆண்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கல்வி பயின்று, குருப்பட்டம் பெற்று, இலண்டன் மாநகரின் ஏழை மக்களிடையே பணியாற்றினார். 1904இல் கேம்பிரிட்ஜ் சமயத் தொண்டராக இந்தியா வந்து, தில்லி செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார்.

அக்கல்லூரியின் முதல்வர் பதவி 1906இல் காலியாயிற்று. அந்நாற்காலி ஆங்கிலேயருக்கே உரியது என்பது அந்நாளைய வழக்கம். ஆனால் இருபது ஆண்டுகளாக அங்கேயே பணிபுரிந்துவந்த சுசில் குமார் ருத்ரா என்னும் வங்காளப் பேராசிரியரே அதற்கு உரியவர் என்று ஆண்ட்ரூஸ் வாதாடினார். ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழ் மகிழ்வோடு பணியாற்றினார். இருவரும் இறுதிவரை உற்ற நண்பர்களாய் விளங்கினர்.

இச்செய்தியைப் படிக்கும்தோறும் எம் வாழ்வில் நேர்ந்த ஒன்று நினைவிற்கு வரும். யாம் முதன்முதலாகத் தலைமையாசிரியர் பொறுப்பேற்ற நாளில், எம் போன்றோர் அந்நாற்காலியில் அமர்வதை விரும்பாத சிலர் முகம் திருப்பி நின்றனர். அப்பொழுது வேறு சமுதாயத்தைச் சேர்ந்த மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்து, வருகைப் பதிவேட்டை எம் முன் வைத்து, முதலில் தாமே கையொப்பமிட்டார். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று அவ்வறையின் நிலையே மாறியது.

நம் நாட்டு ஏழை மக்கள் அந்நாளில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற டுரூரோ என்னும் கப்பல் முதல் கூட்டத்தைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறக்கியது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்மீது பிற்காலத்தில் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி சுமத்தப்பட்டது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய அறப்போருக்கு ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பையெல்லாம் ஈந்தார். பின்னர்த் தம் நண்பர் பியர்சனுடன் தாமே புறப்பட்டு, 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். தலையை மழித்து, கூலியாளின் எளிய உடையில் நின்ற காந்தியடிகளை அவரால் அடையாளம் காண முடியவில்லை. இன்னார் எனப் பிறர் காட்டியதும் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர் பலர் சினங்கொண்டனர். அவ்வாண்டிலேயே அத்தலைவரி நீங்கிற்று.

1915இல் இருவரும் பிஜித் தீவிற்குச் சென்றனர். அங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் நம் தமிழ் மக்களும் அவர்களுள் இருந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், 100 ஆண்களுக்கு 40 பெண்களே. வால்பாறைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் உறவினர் கூறும் 'லைன்' என்னும் சொல்லே அங்கும் வழங்கியது. பல லைன்களில் 10 அடி நீளமும் 7 அடி அகலமுமே உள்ள அறையில் மூன்று ஆடவர், அல்லது ஒரு குடும்பம் வாழவேண்டும். ஆண்ட்ரூஸ் கண்ணீர் சிந்தியதோடு நின்றாரில்லை. நேரில் கண்டார், கேட்டார், எழுதினார். 1916இல் வெளிவந்த அவர்களது அறிக்கை நாட்டை உலுக்கியது. 1917இல் அவர் மீண்டும் பிஜி சென்றார். அவ்வாண்டே ஆள்சேர்ப்பு நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1ஆம் நாள் நீக்கப்பட்டன. மக்கள் அவரைத் தீனபந்து, அதாவது எளியோரின் உறவினர், என்று அழைத்தனர்.

அவர் தாகூரின் சாந்திநிகேதனத்தையே தம் இல்லமாகக் கொண்டார். காந்தியடிகளை மோகன் என்று பெயர் சொல்லி அழைக்கும் உரிமை பெற்றிருந்தார். தம் கிறித்துவ நம்பிக்கையைக் கைவிடாமலே பிற சமயத்தாரை உயிர்த்தோழராய்க் கொண்டார். 1940 ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்து, அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

இளைஞர்களே, இன்று உங்களுள் சிலர் கோவை நகரிலும் அயல்நாடுகளிலும் நல்ல பணியில் அமர்ந்துள்ளீர்கள். அது நமக்குப் பெருமையே. ஆயினும் ஊருக்கு வரும்பொழுது, இன்னும் எழுத்தறியாத நம் பெரியோர் அமர்ந்திருக்கும் திண்ணையில் நீங்களும் அமர்கின்றீர்களா? அவர்களுடைய மனுவை எழுதித் தருகின்றீர்களா? அயலார் ஒருவர் நம்மவர்க்காகக் குனிந்தார். நம்மவர்க்காக நாம் குனிவதற்கு நாணலாமா?