எதிரி நாட்டுக் குழந்தைக்காகக் கூண்டில் நின்ற எக்லண்டைன் ஜெப்

1919ஆம் ஆண்டு மே மாதம். லண்டன் நீதிமன்றம் ஒன்றில் 42 வயதுப் பெண் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அரசாங்க அனுமதியில்லாமல் டிராஃபல்கர் சதுக்கத்தில் துண்டறிக்கை கொடுத்தார் என்பது வழக்கு. அந்தத் துண்டறிக்கையில் பசியால் எலும்பும் தோலுமாகிப்போன ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம் இருந்தது.

முதலாம் உலகப் போரில் துப்பாக்கிகள் ஓய்ந்து ஆறு மாதமாகியிருந்தது. ஆனால், தோற்ற நாடுகளைச் சமாதான ஒப்பந்தத்துக்குப் பணிய வைக்க, பிரிட்டனும் அதன் கூட்டாளிகளும் கடல்வழித் தடையை விலக்கவில்லை. வியன்னாவில் பாலும் ரொட்டியும் இல்லாமல் குழந்தைகள் வாடினார்கள். எதிரியின் பிள்ளைக்குப் பரிந்து பேசினால் துரோகி என்று ஏசிய காலம் அது.

ஜெப் அம்மையார் தமக்காகத் தாமே வாதாடினார். தீர்ப்பு அபராதம், 5 பவுன். அந்தப் பணத்தை அவரை எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே அவர் கையில் கொடுத்தாராம். குழந்தைகளுக்கான நிதியில் முதலில் சேர்ந்தது அதுதான் என்பார்கள். அதே மாதம் 19ஆம் தேதி ஆல்பர்ட் மண்டபக் கூட்டத்தில், தங்கை டோரத்தி பக்ஸ்டனுடன் சேர்ந்து 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பைத் தொடங்கினார்.

1876இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபர்டில் வரலாறு படித்தார். கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்து, ஒத்துவராமல் விலகினார். பிள்ளைகளோடு இருப்பது அவருக்குப் பெரிதாகப் பிடித்ததும் இல்லை. 1913இல் பால்கன் போர் அகதிகளுக்கு உதவி கொண்டு மாசிடோனியா சென்றபோதுதான் போரின் கோலத்தை நேரில் கண்டார்.

ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த அவர், ரோமுக்குப் போய்ப் போப்பாண்டவர் 15ஆம் பெனடிக்டைச் சந்தித்தார். அதே ஆண்டு டிசம்பரில் உலகெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் குழந்தைகளுக்காகக் காணிக்கை திரட்ட போப் கட்டளையிட்டார். 1921இல் ரஷ்யாவில் பஞ்சம். கம்யூனிஸ்டு நாட்டுக்கு எதற்கு உணவு என்று லண்டன் பத்திரிகைகள் எதிர்த்தும், சரத்தோவ் வட்டாரத்துக்குக் கப்பலில் உணவு போனது.

1923இல் ஐந்தே அம்சங்களில் குழந்தை உரிமைப் பிரகடனத்தை எழுதினார். ஆபத்து வந்தால் முதல் உதவி குழந்தைக்கே என்பது அதில் ஒன்று. 1924இல் உலக நாடுகள் சங்கம் அதை ஏற்றது. எந்த அரசாங்கத்தையும் அது சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

உடல்நலம் குன்றி, 1928 டிசம்பர் 17ஆம் தேதி ஜெனீவாவில் காலமானார். நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் குழந்தை உரிமை ஒப்பந்தத்தை ஐ.நா. 1989இல்தான் நிறைவேற்றியது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன.