வேரூன்றி நின்ற வீரர்

கராத்தே என்றதும் ஓடுகளை உடைக்கும் கைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அக்கலை பிறந்த ஒக்கினாவாத் தீவில் ஆற்றலின் பிறப்பிடம் கால் என்றே கற்பிப்பர். அவ்வுண்மையைத் தம் வாழ்வாலும் உணர்த்திய மியாகி சோஜூன் அவர்களை நான் பெரிதும் போற்றுகிறேன்.

1888ஆம் ஆண்டு நாஹா நகரில் பிறந்த அவர், 14ஆம் வயதில் ஹிகாவோன்னா கான்ரியோ என்னும் ஆசானிடம் சேர்ந்தார். சீனத்தின் பூச்சோ நகரில் பயின்று திரும்பியவர் அந்த ஆசான். அடிக்கக் கற்பிக்குமுன் அவர் நிற்கக் கற்பித்தார். 'சான்சின்' என்பது அப்பயிற்சியின் பெயர். பாதங்கள் தோளகலத்தில் ஊன்றி, விரல்கள் சற்றே உள்நோக்க வேண்டும். முழங்கால் சிறிது மடங்க, இடுப்பு முன்னோக்கி ஒடுங்க, தோள்கள் தாழ, முழங்கைகள் விலாவை ஒட்ட வேண்டும். மூச்சு அடிவயிறுவரை இறங்க வேண்டும். ஆசான் தோளிலும் தொடையிலும் தட்டிப் பார்ப்பார். தளர்ந்த இடம் உடனே தெரிந்துவிடும்.

இதன் காரணம் எளியது. பாதம் தரையை உந்தும் விசை இடுப்பு, முதுகு, முழங்கை வழியே முட்டியை அடைகிறது. இடையில் ஒரு மூட்டு நெகிழ்ந்தாலும் விசை சிதறிவிடும். எந்நேரமும் இறுகியே இருந்தாலோ வேகம் குன்றிவிடும். ஆகவே தாக்கும் கணத்தில் மட்டும் உடல் முழுவதையும் ஒன்றாய்ப் பூட்டப் பழகுவர். கல் பொருத்திய கம்பைச் சுழற்றுவதும், கனத்த சாடிகளை விளிம்பில் பற்றி நடப்பதும் இதற்காகவே.

1915இல் ஆசான் மறைந்தார். மியாகி தாமும் பூச்சோ சென்று வந்தார். சான்சினின் வன்மைக்குத் துணையாக, மென்மையான கையசைவுகள் கொண்ட 'தென்ஷோ'வை அமைத்தார். வன்மையும் மென்மையும் இணைந்த அவர் நெறி 'கோஜூ ரியூ' எனப் பெயர் பெற்றது. 1934இல் ஹவாய்த் தீவுகளுக்கும் சென்று கற்பித்தார்.

1945இல் ஒக்கினாவா போர்க்களமாயிற்று. தம் பிள்ளைகளுள் மூவரையும், தமக்குப்பின் கலையைக் காப்பார் என்று நம்பிய மாணவர் ஷின்சாத்தோவையும் அவர் இழந்தார். ஊரும் சாம்பலாயிற்று. ஆயினும் அவர் கலையைக் கைவிடவில்லை. காவலர்களுக்குக் கற்பித்தார், தம் வீட்டு முற்றத்தில் இளைஞர்களைச் சேர்த்து, மீண்டும் சான்சினிலிருந்தே தொடங்கினார். 1953இல் மறையும்வரை அப்பணி தொடர்ந்தது.

ஓங்கிய கையைக் கண்டு வியப்பது எளிது, நண்பர்களே! இழப்பின் நடுவிலும் பெயராத அந்தக் கால்களையே நான் வணங்குகிறேன். நாமும் முதலில் நிற்கக் கற்போம்.