பல்லாவரத்தில் ஒரு தமிழ்க்கடல்

தாம்பரத்திற்கு வடக்கே அமைந்த பல்லாவரம் இன்று மக்கள் நெருக்கம் மிக்க புறநகர். 1911ஆம் ஆண்டில் மறைமலையடிகள் அங்குக் குடிபுகுந்தபோது அது குன்றுகளை அடுத்த அமைதியான சிற்றூர். கல்லூரிப் பணி நீங்கிய நிலையில்தான் அவர் அங்கு வந்தார்.

1876இல் நாகப்பட்டினத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் வேதாசலம். இளமையில் தந்தையை இழந்ததால் பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. எனினும் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் நூல்களை முறையாகக் கற்று, 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். இன்று தாம்பரத்தில் உள்ள அக்கல்லூரி அந்நாளில் நகரின் நடுவே இருந்தது. சூரியநாராயண சாஸ்திரி என்னும் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட பரிதிமாற்கலைஞர் அங்கு அவருடன் பணியாற்றினார். 13 ஆண்டுகளுக்குப் பின், பட்ட வகுப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாது போகவே, அடிகள் கல்லூரியை விட்டு நீங்கினார். தமிழ்நாட்டிலேயே தமிழ் கல்லாமல் பட்டம் பெறலாம் என்ற நிலை, ஊதிய இழப்பைவிட அவரை மிகுதியாக வருத்தியிருக்க வேண்டும்.

1916ஆம் ஆண்டு ஒருநாள், பல்லாவரம் வீட்டுத் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையுடன் உலவியபடி திருவருட்பாப் பாடலொன்றைப் பாடினார். அதில் ‘தேகம்’ என்ற சொல் வந்த இடத்தில் ‘யாக்கை’ என்ற தமிழ்ச்சொல் அமைந்திருந்தால் இனிமை கூடியிருக்கும் என்றார். அவ்வாறாயின் நாம் ஏன் தூய தமிழிலேயே பேசவும் எழுதவும் கூடாது என்று மகள் வினவினார். தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கம் இவ்வுரையாடலே.

பிறருக்கு அறிவுரை கூறுவது எளிது. அடிகள் மாற்றத்தைத் தம்மிடமிருந்தே தொடங்கினார். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும், சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. தாம் முன்பு எழுதிய நூல்களையும் எடுத்து, மறுபதிப்புகளில் வடசொற்களைக் களைந்தார். எழுதி முடித்துப் பெயரும் பெற்ற நூல்களைத் தாமே திருத்துவதற்குத் தனித் துணிவு வேண்டும். வடமொழியை அறியாதவர் செய்த செயலன்று இது. காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவர். மொழிக்கலப்பு தொடர்ந்தால் தமிழ்ச்சொற்கள் வழக்கிழந்து மறையும் என்பதே அவருடைய கவலை.

தொடக்கத்தில் இம்முயற்சியை எள்ளி நகையாடியவர் பலர். ஆனால் மேடைகளில் அக்கிராசனர் மெல்லத் தலைவரானார், பிரசங்கம் சொற்பொழிவாயிற்று. நீலாம்பிகையார் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசை நூலாக்கினார். 1937இல் பள்ளிகளில் கட்டாய இந்தி புகுத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில், அறுபது வயதைக் கடந்திருந்த அடிகளும் பங்குகொண்டார்.

1950 செப்டம்பர் 15ஆம் நாள் அடிகள் மறைந்தார். பல்லாவரத்தில் அவர் ஆயிரக்கணக்கில் தேடிச் சேர்த்துப் பயின்ற நூல்களைக் கொண்டு, 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் திறக்கப்பட்டது.